'கள்ளச்சாராயம் ருசிக்க' என்ற தலைப்பு பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைப் பயணம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை, நடையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தலைப்பு? 'கள்ளச்சாராயம் ருசிக்க ஒரு மலைப் பயணம்' என்று பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். காபியோடு பேப்பரை விரித்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா" என்று மடித்து வைத்துவிட்டாள். நாற்பது வருடமாக ஹலசூரில் உங்கள் பத்திரிகையை வாங்குகிற வீடு எங்களுடையது, கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதாக இருந்தால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் கை வைக்க வேண்டாம்.

நாங்களும் அதே மலைக்குப் போய் வந்தவர்கள்தான். போன அக்டோபரில் மகள் வீட்டுக்கு அட்லாண்டா போயிருந்தோம். இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறுகிற சமயம், மலைக்குப் போயே ஆக வேண்டும் என்று மாப்பிள்ளை கிளப்பிவிட்டார். நாலு மணி நேரம் கார். அந்தத் தேசியப் பூங்காவுக்கு வருடத்துக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் தடவை ஆட்கள் வந்து போகிறார்கள், அமெரிக்காவிலேயே அதிகக் கூட்டம் சேரும் தேசியப் பூங்கா அதுதான், நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தத்தான் காசு. அந்தக் கூட்டம் மொத்தமும் எங்களோடு கிளம்பி வந்தது போல இருந்தது. பூங்கா வாசலில் இருக்கிற காட்லின்பர்க் என்கிற சின்ன ஊரில் கார் நகர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்கு மே மாதத்து ஊட்டி சேரிங் கிராஸ் ஞாபகம் வந்தது. மேலே மலை முழுக்க மூட்டம், கீழே தெரு முழுக்கச் சாராயக் கடை. மிகைப்படுத்தவில்லை, பழநி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை எப்படியோ அப்படி.

ஒரு கடைக்குள் போனோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆளுயரச் செம்பு அண்டா, நிஜமாகவே வேலை நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் மர மேடையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். என்னுடைய எழுபது வயதுக்கும் நரைத்த தலைக்கும் கொஞ்சமும் மரியாதை இல்லாமல் பாஸ்போர்ட்டைக் காட்டு என்றார்கள், 21 வயது முடிந்திருக்க வேண்டுமாம். அப்புறம் இருமல் மருந்து மூடி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கப். ஊற்றிக் கொடுத்த பெண் ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு ஜோக் வைத்திருந்தாள், எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். முதலில் வெள்ளைச் சாராயம், 100 புரூஃப். அமெரிக்காவில் புரூஃப் என்றால் சதவீதத்தைப் போல இரண்டு மடங்கு, ஆக இது 50 சதவீதம். தொண்டையில் இறங்கும்போது வேகவைத்த மக்காச்சோளத்தின் வாசனை மூக்கு வழியாக வந்தது, அது பொய் சொல்லாத சரக்கு. அதற்குப் பிறகு ஊற்றியதெல்லாம் ஆப்பிள், பீச், பிளாக்பெர்ரி என்று ஜூஸ் மாதிரி, பலதில் 20 சதவீதத்தை ஒட்டித்தான் சாராயம். குல்கந்தில் தண்ணீர் விட்டுக் குடித்தது போல இருந்தது, என் அபிப்பிராயம் அவ்வளவுதான். சாராயத்தில் ஊறிய செர்ரிப் பழமும் வெள்ளரிக்காய் ஊறுகாயும்கூட ஜாடியில் விற்கிறார்கள்.

மாப்பிள்ளை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். "நீங்க எடுத்துக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டு, என் முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டு, ஒவ்வொரு கப்புக்கும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வாயில் ஊற்றிக்கொண்டார். நானும் அந்த நேரத்துக்கு ஜன்னலில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பது போலப் பார்த்தேன். ஒரு கப்பில் இரண்டு ஸ்பூன்கூட இருக்காது. மனைவி உள்ளே வரவே இல்லை. வாசலில் வரிசையாக ஆடும் நாற்காலி போட்டு, பாஞ்சோவும் ஃபிடிலும் வைத்து ஒரு கோஷ்டி வாசித்துக்கொண்டிருந்தது, அங்கே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் வெளியே வந்ததும் அவள் சொன்னது: "எங்க ஊர்ல இதுக்குத்தான் போலீஸ் வந்து பானைய ஒடைச்சாங்க, இங்க கச்சேரி வெச்சிருக்காங்க."

அவள் சும்மா சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். வெல்லத்தைக் கரைத்து வேலம்பட்டையைத் தட்டிப் போட்டு, வாயைத் துணியால் கட்டி ஓடைக்கரை மணலில் பானையைப் புதைத்துவிடுவார்கள். அதுதான் ஊறல். நுரை அடங்கியதும் தோண்டி எடுத்து அடுப்பேற்றி, பானை மேல் பானை அடுக்கி, உச்சியில் பச்சைத் தண்ணீர்ச் சட்டி வைப்பார்கள். ஆவி மேலே போய்ச் சட்டியின் குளிர்ந்த அடியில் பட்டு, உள்ளே வைத்த கலயத்தில் சொட்டுச் சொட்டாக விழும். மேல் சட்டித் தண்ணீர் சுடச் சுட மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அது பையன்கள் வேலை. (நான் செய்ததில்லை. செய்தவனைத் தெரியும்.) மலை மேல் வடித்ததை லாரி டியூபில் நிரப்பி, மலைப்பாம்பு மாதிரி தோளில் சுற்றிக்கொண்டு ராத்திரியில் இறக்குவார்கள், அதனால் எங்கள் பக்கத்துச் சாராயம் என்றாலே ஒரு ரப்பர் வாடை உண்டு.

காட்லின்பர்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததும் அதே வித்தைதான். வெல்லத்துக்குப் பதிலாக மக்காச்சோள மாவு, முளைகட்டிய தானியம், சர்க்கரை. மண் பானைக்குப் பதில் செம்பு. நடுவில் தம்ப் கெக் என்று ஒரு பீப்பாய், ஆவி அதற்குள் புகும்போது தொம் தொம் என்று இடிக்குமாம், பெயரும் அதனால் வந்ததுதான், இரண்டாம் முறை வடித்த பலன் அங்கேயே கிடைத்துவிடுகிறது. அப்புறம் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாக ஒரு செம்புக் குழாய், அதை அவர்கள் புழு என்கிறார்கள். முதலில் வருவதை ஒதுக்கி, நடுவில் வருவதை எடுத்து, கடைசியில் வருவதைத் திரும்ப அண்டாவில் ஊற்றுகிறார்கள். எங்கள் ஊர்க் கிழவர்கள் ஒரு சொட்டை நெருப்பில் விட்டு நீலமாக எரிகிறதா என்று பார்த்துச் செய்ததை இவர்கள் கருவி வைத்து அளந்து செய்கிறார்கள். ஜாடியின் மேல் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது, வரி கட்டியிருக்கிறது, குடித்தவனுக்கு ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது என்று ஊருக்கே தெரியும்.

அந்தச் சாராயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் மூன்ஷைன் என்கிற பெயர் கள்ளத்தனத்தில் பிறந்ததுதான், அதை மறுக்கவில்லை. நிலா வெளிச்சத்தில் வரிக்குத் தெரியாமல் வடித்ததால் அந்தப் பெயர். அமெரிக்கா தேசமாகி நிமிர்வதற்குள் 1791-இல் வடிக்கிற சாராயத்துக்கு வரி போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த விவசாயிகளுக்குத் தானிய மூட்டையை மலை தாண்டி விற்கக் கொண்டுபோவதைவிட வடித்துப் பீப்பாயில் கொண்டுபோவது லாபம், அதன் தலையிலேயே வரி விழுந்ததும் பென்சில்வேனியாவில் கலகம் செய்தார்கள், 1794-இல் ஜனாதிபதி வாஷிங்டனே படையோடு கிளம்ப வேண்டியதாயிற்று. 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு, அதில் மலைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். போலீஸிடமிருந்து தப்ப இன்ஜினை மாற்றிக் கட்டிய கார்களில் மலைப் பாதையில் சரக்கு ஓட்டிய பையன்கள் பிறகு ஒருத்தரோடு ஒருத்தர் பந்தயம் விட, 1948-இல் வந்த நாஸ்கார் கார் பந்தயத்துக்கு அதிலும் ஒரு வேர் உண்டு.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லையே. காட்லின்பர்க் இருக்கிற டென்னசி மாநிலத்தில் மூன்றே மூன்று கவுண்டிகளில்தான் (நம் மாவட்டம் மாதிரி) வடிக்க அனுமதி இருந்தது. 2009-இல் சட்டத்தை மாற்றித் திறந்துவிட்டார்கள், 2010-இல் ஓல் ஸ்மோக்கி என்ற கடை காட்லின்பர்க்கில் உரிமத்தோடு மூன்ஷைன் விற்க ஆரம்பித்தது, மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். அதே 2009-இல்தான் பாப்கார்ன் சட்டன் என்கிற பழைய மலைக்காரர், கள்ளத்தனமாக வடித்த வழக்கில் 18 மாதத் தண்டனை வாங்கி, ஜெயிலுக்குப் போக வேண்டிய சமயத்தில் தற்கொலை செய்துகொண்டார். பிறகு அவர் பெயரைப் போட்டே பாட்டில் விற்றார்கள், வரி கட்டி. அவர் செய்தது கள்ளச்சாராயம். அந்தப் பாட்டில் கள்ளச்சாராயம் இல்லை. உரிமம் வாங்கி, பட்டப்பகலில், கண்ணாடிக்குப் பின்னால் ஊரே பார்க்க வடிப்பதற்கு உங்கள் கட்டுரையாளர் 'கள்ள' என்று எப்படி எழுதினார்? பெயரில் மட்டும்தான் நிலா மிச்சம் இருக்கிறது.

இன்னொரு நாள் லிஞ்ச்பர்க் போனோம், ஜாக் டேனியல்ஸ் விஸ்கி வடிக்கிற ஊர். இது ஸ்மோக்கியிலிருந்து வெகு தூரம், உங்கள் கட்டுரையில் பக்கத்துத் தெரு மாதிரி எழுதியிருந்தீர்கள். அந்த ஆலை இருக்கிற மூர் கவுண்டியே மதுவிலக்கு உள்ள கவுண்டி, ஆலைக்கு மட்டும் தனிச் சலுகை. அங்கே சர்க்கரை மேப்பிள் மரத்தை அடுக்கி எரித்துக் கரியாக்கி, அந்தக் கரியைப் பத்தடி ஆழத்துக்கு நிரப்பிய தொட்டிகளில் புதுச் சாராயத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள், அப்புறம்தான் உள்பக்கம் தீயில் கருக்கிய ஓக் பீப்பாய்க்குப் போகும். சுற்றிக் காட்டியவர் ஒரு தொட்டியின் மூடியைத் தூக்கிப் பட்டென்று விட்டார், எழுந்த காற்றைக் கையால் வீசி மூக்குக்குக் கொண்டுவரச் சொன்னார். கரியும் வாழைப்பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பாட்டி கிணற்றுத் தண்ணீரை மணலும் அடுப்புக்கரியும் போட்டு வடிகட்டுவாள், யோசனை அதுவேதான். ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்கிற கறுப்பின அடிமை, அதை நிறுவனம் உலகத்துக்கு உரக்கச் சொல்லத் தொடங்கியது 2016-இல்தான்.

பீப்பாயில் ஆவியாகிப் போவதை ஏஞ்சல்ஸ் ஷேர் என்றார் ஆலையைச் சுற்றிக் காட்டியவர், தேவதைகளின் பங்கு. ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு 2 சதவீதம் போனால், நம் பெங்களூரு வெயிலுக்கு 10 முதல் 12 சதவீதம் போகிறது என்று மைசூர் ரோடு கும்பளகோடில் அம்ருத் விஸ்கி வடிப்பவர்கள் கணக்குச் சொல்வார்கள். எங்கள் ஊர் முனியப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிற வழக்கம் உண்டு, ஆகவே நம் பக்கம் அதை முனியப்பன் பங்கு என்று சொன்னால் கணக்குச் சரியாக வரும். அந்த அம்ருத் சிங்கிள் மால்ட் 2004-இல் முதலில் விற்பனைக்குப் போனதே கிளாஸ்கோவில்தான், விஸ்கிக்காரன் ஊருக்கே போய் விற்றார்கள். அடுத்த பயணக் கட்டுரைக்கு உங்கள் ஆள் கும்பளகோடு போகலாம், மெட்ரோவில் செல்லகட்டா வரை போய் இறங்கினால் மீதி கொஞ்ச தூரம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காட்லின்பர்க் கடைகளில் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. சுவரில் பழைய போலீஸ் படம், கோடாரியால் உடைத்த அண்டா, சிரிக்கிற தாடிக்காரர்கள், எல்லாம் இருக்கிறது. செத்தவர்கள் இல்லை. பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் குழாயாக வைத்து வடித்ததால் ஈயம் கலந்து எத்தனையோ பேர் உடம்பு கெட்டார்கள். மதுவிலக்குக் காலத்தில் தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்காமல் இருப்பதற்காக அரசாங்கமே அதில் விஷம் சேர்க்கச் சொன்னது, அப்படியும் குடித்துச் செத்தார்கள். 1930-இல் இஞ்சி மருந்து என்று கலப்படச் சரக்கைக் குடித்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் விளங்காமல் போனது. காலம் கடந்துவிட்டதால் அவர்களால் அதைச் சுவரில் மாட்டாமல் இருக்க முடிகிறது. நமக்கு அப்படிக் கடக்கவில்லை.

1981 ஜூலையில் எனக்கு 26 வயது. பெங்களூருவில் விஷச் சரக்கைக் குடித்து 300-க்கும் மேற்பட்டவர்கள் செத்த வருடம். எங்கள் லைனில் நாலாவது வீட்டுக் கொத்தனார், வேலைக்குப் போன இடத்தில் குடித்துவிட்டு வந்து படுத்தவர். காலையில் எழுந்து, "ஏன் இன்னும் விடியல" என்று கேட்டார் என்று அவர் சம்சாரம் சொன்னது. அப்போது மணி எட்டு, வெயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஓடினோம், ராத்திரிக்குள் போய்விட்டார். அந்த 'விடியல'யை நான் மறக்கவில்லை, என் மனைவியும் மறக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தது அதனால்தான்.

இதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இங்கே அரசாங்க உரிமத்தோடு சாராயக் கடைகள் இருந்தன. பின்னால் பிளாஸ்டிக் பாக்கெட்டில்கூட விற்றார்கள், பல்லால் கடித்துத் துப்பிவிட்டுக் குடிப்பார்கள். 2007 ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் அதைத் தடை செய்யும் வரை இருந்தது. அதைச் சாராயம் என்றுதான் சொன்னோம், கள்ளச்சாராயம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. கள் என்ற சொல்லுக்கும் இந்தக் 'கள்ள'த்துக்கும் சம்பந்தம் இருப்பதாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை, இது கள்ளத்தனத்துக் கள்ளம், வரிக்குத் தெரியாமல் வடித்தது என்று அர்த்தம். அவ்வளவுதான் அந்தச் சொல் சொல்கிறது. விஷம் என்று சொல்லவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது நீங்களும் மற்ற பத்திரிகைகளும் தினமும் 'கள்ளச்சாராயச் சாவு' என்றே எழுதினீர்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். வார்னிஷ், தின்னர், தொழிற்சாலை வேலைக்கு வருகிற திரவம். வெல்லமும் வேலம்பட்டையும் ஊறினால் அந்த அளவுக்கு மெத்தனால் வராது, மலிவாகப் போதை ஏற்ற ஒருத்தன் கேனிலிருந்து ஊற்றினால்தான் வரும். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். அதற்கு மாற்று மருந்து என்ன தெரியுமா? ஃபோமெபிசோல் என்று ஒன்று, அது கிடைக்காவிட்டால் எத்தனால், அதாவது நல்ல சாராயத்தில் இருக்கிற அதே சரக்கு, ஆஸ்பத்திரியில் டாக்டர் அளவோடு கொடுப்பது. (வீட்டில் யாரும் ஊற்றிப் பார்க்காதீர்கள், இதையும் சேர்த்து அச்சிடுங்கள்.) விஷத்துக்கும் அதன் முறிவுக்கும் ஒரே பெயரை வைத்து எழுதுவது என்ன நியாயம்?

வெறும் இலக்கண வம்பு இல்லை இது. மெத்தனால் குடித்தவனுக்குப் பல சமயம் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, மங்கல் எல்லாம் தெரியும். ராத்திரி போதை இறங்கவில்லை என்று நினைத்து வீட்டிலேயே படுத்துக்கிடப்பான். கள்ளச்சாராயம் குடித்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் கேஸ் என்று வீட்டுக்காரர்கள் மறைப்பார்கள், எங்கள் லைனில் அன்றைக்கு அரை மணி நேரம் அந்தப் பேச்சிலேயே போனது. 'மெத்தனால் விஷம், கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரி' என்று நீங்கள் முதல் நாளே கொட்டை எழுத்தில் போட்டால், அதைப் படிக்கிற ஒரு பக்கத்து வீட்டுக்காரனாவது கதவைத் தட்டுவான். அடுத்த தடவை அப்படிப் போடுங்கள். காட்லின்பர்க் சரக்குக்குச் சாராயம் என்று போடுங்கள், மக்காச்சோளச் சாராயம் என்று போட்டால் இன்னும் சரி.

அப்புறம் ஒரு திருத்தம். காட்லின்பர்க் வட கரோலினாவில் இருப்பதாகக் கட்டுரையில் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. பூங்காதான் இரண்டு மாநிலத்திலும் பரவியிருக்கிறது, ஊர் டென்னசியில் இருக்கிறது. நாங்கள் அங்கிருந்து வாங்கி வந்த ஒரே ஜாடி காலியாகி, இப்போது அதில் என் மனைவி எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். மூடியில் 'காட்லின்பர்க், டென்னசி' என்று தெளிவாக இருக்கிறது, சந்தேகம் இருந்தால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாற்பது வருட வாசகன்,
ஹலசூரு, பெங்களூரு